சி டிரைவில் இடமில்லை

நேற்றுதான் சி டிரைவைத் துடைத்துக் காலிசெய்திருந்தாள் பேபி. ரீசைக்கிள் பின்னைக் கொட்டி, டவுன்லோடில் கிடந்த குப்பையை வாரி, டெம்ப் ஃபைல்களை அழித்து, பாதி டிரைவை வெள்ளையாக்கிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தாள். இன்று வந்து உட்கார்ந்தால் டிரைவின் இடத்தைக் காட்டும் அந்தக் கோடு மறுபடியும் சிவப்பு. நுனிவரை சிவப்பு.

நாற்பத்தைந்து வயதிலும் பேபி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவளைப் பற்றித் தெருவில் கேலிக்குக் குறைவில்லை. ஆனாலும் ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டுமென்றால் அந்தத் தெருவே அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். இன்றைக்குச் சோலைமுத்து வீட்டுக் காதுகுத்து. தாய்மாமன்மார் ஒரு பக்கம், சித்தப்பன்மார் ஒரு பக்கம் என்று தலைகளாக அடுக்க வேண்டும். ஒரு தலை அடுத்த தலையைவிட அரை விரல்கடை சிறுத்துப்போனாலும் பந்தியில் இலை பறக்கும். கடைசித் தலையை வைக்கப்போகும்போதுதான் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. டிஸ்கில் இடமில்லையாம்.

வெளியே உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கரிசல் மண்ணில் கட்டிய வீடு, கோடை வந்தால் சுவர் வாயைப் பிளக்கும், மழை பெய்தால் தானே மூடிக்கொள்ளும். இந்த வருசத்துப் பிளவு கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் தரையிலிருந்து புறப்பட்டு ஜன்னல் உயரத்துக்கு ஏறியிருந்தது, அதன் வழியாகத் தீப்பெட்டி ஆபீஸின் மருந்து வாடையும் பொடிப்பொடியாகக் கருப்புத் தூசியும் உள்ளே வந்துகொண்டிருந்தன.

"ஏட்டி பேபி!"

பக்கத்து வீட்டு உமாதேவி. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது.

"நேத்துச் சாயந்தரம் கதிரேசன் மலைப் படியில அண்ணாச்சி கூட உக்காந்திருந்தியே, நீலச் சேலையில. கையத் தட்டிக் கூப்பிடுதேன், திரும்பக் காணோம். புருசன் பக்கத்துல இருந்தா நாங்கள்லாம் கண்ணுக்குத் தெரிய மாட்டோமோ?"

பேபியிடம் நீலச் சேலையே கிடையாது. நேற்றுச் சாயந்தரம் அவள் இதே நாற்காலியில்தான் இருந்தாள். அவள் புருசன் வேல்சாமி வியாபாரத்துக்கு நைட்டி எடுக்கப் புதியம்புத்தூருக்குப் போயிருந்தார். அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்.

"ஆமாக்கா, நாந்தான்" என்றாள் பேபி. "கவனிக்கல."

"நல்லா இருட்டி, நல்லா இரு." தலை இறங்கிவிட்டது.

இந்தப் பொய் முதல் தடவையல்ல. ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் இருவரையும் பார்த்ததாகப் பூக்காரப் பெத்தம்மாள் சொன்னபோதும் நாந்தான். ஜவுளிக்கடையில் பார்த்ததாகச் சிராஜுதீன் பாய் சொன்னபோதும் நாந்தான். வேறென்ன சொல்வாள்? அது நான் இல்லையே என்று உமாதேவியிடம் வாய் தவறிச் சொன்னால் போதும், விளக்கு வைப்பதற்குள் வேல்சாமிக்கு ஒரு வைப்பாட்டியும் அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்து, பள்ளிக்கூடமே போயிருக்கும். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஆனால் மானம் வெளியில் நிற்கிறவர்களுக்குத்தான் பதில் சொல்லும். உள்ளே ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. தன் உயரத்தில், தன் பருமனில் ஒருத்தியைத் தேடிப் பிடித்திருக்கிறாரே மனுசன், அவள் என்றைக்கு இந்த வாசற்படி ஏறுவாள்? ஏறினால் தான் எங்கே போவது?

வேல்சாமியும் இதே கம்ப்யூட்டரில்தான் சாயந்தரம் கதவைச் சாத்திக்கொண்டு பில் போடுவார். ஒளித்திருந்தால் இதில்தான் இருக்கும். பேபி சி டிரைவைத் திறந்து, எது அதிக இடத்தைத் தின்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

யூசர்ஸ் என்றொரு ஃபோல்டர். கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிற ஆளுக்கு ஒரு அறை என்று பிரித்து வைத்திருக்கும் இடம். அதில் 'வேல்சாமி' இருந்தது. 'பேபி' இருந்தது. அதற்கும் கீழே, அவை இரண்டையும் சேர்த்து விழுங்கும் அளவுக்குப் பெருத்து, 'பேபி 2' இருந்தது.

அவள் அதை உண்டாக்கவில்லை.

திறந்தாள். படங்கள். மலைப்படியில் வேல்சாமி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. கல்யாணமான புதிதில் சிரித்ததோடு சரி, அப்புறம் அந்தப் பல்லை அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நீலச் சேலை, முதுகைக் காட்டிக்கொண்டு. பேபியின் காது சூடானது. சிறுக்கி மகளே, திரும்புட்டி. அடுத்த படத்தைத் தட்டினாள். அடுத்ததை. பஸ் ஜன்னல். ஜவுளிக்கடைக் கண்ணாடி.

கண்ணாடியில் முகம் தெரிந்தது.

அவள் முகம். அவள் மூக்குத்தி. சின்ன வயசில் குழாயடியில் விழுந்து உடைந்த அவள் முன்பல். அந்த உடைந்த பல்லோடு, கூச்சமில்லாமல், வாய்கொள்ளாத சிரிப்பு.

தேதிகளைப் பார்த்தாள். மலை. பஸ். ஜவுளிக்கடை. யார் யாரோ பார்த்ததாக வந்து சொன்ன, அவள் நாந்தான் என்று தலையாட்டி ஒப்புக்கொண்ட அதே நாட்கள். தலையாட்டிய ஒவ்வொரு நாளும் அந்த ஃபோல்டர் பருத்திருந்தது.

கடைசிப் படம் இந்த அறை. இந்த நாற்காலி. எடுத்தது இன்று.

ஃபோல்டரை மொத்தமாகப் பிடித்து அழிக்கப் பார்த்தாள். முடியாது, அது திறந்திருக்கிறது என்றது திரை. மறுபடி அழித்தாள். திறந்திருக்கிறது. கம்ப்யூட்டரையே அணைக்கப்போனாள்.

வேறொருவர் இன்னும் இந்தக் கணினியில் இருக்கிறார். இப்போது அணைத்தால் சேமிக்காத வேலையை அவர் இழக்க நேரிடும். அணைக்கவா?

ஃபேன் சத்தம் மட்டும். தீப்பெட்டி ஆபீஸ் எந்திரம் நின்றிருந்தது. தெருவில் ஒரு காக்கை இல்லை.

அடுப்பங்கரையில் கடுகு வெடித்தது.

பேபி இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. வெங்காயம் வதங்கும் மணம் வந்தது, பிறகு புளி, பிறகு கருவாடு. இறக்கும் நேரத்தில் பூண்டைத் தட்டிப் போடும் பக்குவம் பேபியைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. அம்மியில் டொக், டொக் என்று பூண்டு தட்டும் சத்தம். அவள் தட்டுகிற அதே கணக்கில்.

வாசலில் பைக் நின்றது. வேல்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

"வாசம் தெரு முக்கு வரைக்கும் வருதுட்டி!"

"கை கால் கழுவிட்டு வாங்க" என்றது அடுப்பங்கரை. பேபியின் குரல்.

பேபி எழுந்துவிட்டாள். "ஏங்க. உள்ள யாரு? ஏங்க, நான் இங்கன இருக்கேன்."

வேல்சாமி பார்த்தார். பார்வை அவளைத் தாண்டிப் போகவில்லை. அவள் மேல்தான் நின்றது. அவர் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தால்கூடத் தேவலை.

"தெரியும்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியுமா?"

"சத்தம் போடாத." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நானும் எம்புட்டோ தள்ளிப் போட்டுப் பாத்துட்டேன். ரெண்டு பேருக்கு இதுல இடம் பத்தாது, பேபி."

"அவள அழிங்க! நான் தாலி கட்டுன பொண்டாட்டி!"

"அவளுந்தான்." வேல்சாமி தலையைச் சொறிந்தார். "ஊர்ல அத்தன பேர்ட்டயும் அது நாந்தான், நாந்தான்னு நீதான சொன்ன. நானா சொன்னேன்?"

அவர் கை மௌஸைப் பிடித்தது. யூசர்ஸ். அம்புக்குறி மெதுவாக வந்தது. 'வேல்சாமி'யைத் தாண்டியது. 'பேபி'யில் நின்றது.

அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். இழுபடவில்லை. வேட்டியில் படும் காற்றுகூட அதைவிட அசைத்திருக்கும்.

திரையில் ஒரு கேள்வி முளைத்தது. வேல்சாமி கொஞ்சம் தயங்கினார். பிறகு கழுத்தை அடுப்பங்கரைப் பக்கம் திருப்பி, பேபி கேட்டறியாத இளகிய குரலில் கூப்பிட்டார்.

"ஏட்டி, நிரந்தரமா அழிக்கவான்னு கேக்குது. என்ன குடுக்க?"

"ஆமான்னு குடுங்க. சோறு ஆறுது."

கிளிக்.

பச்சைக் கோடு புறப்பட்டது. ஏதேதோ பெயர்கள் அதன் மேல் ஓடின. பேபி அவற்றைப் படித்தாள். ஒவ்வொன்றும் யாரோ தெரிந்தவர் பெயர் மாதிரி இருந்தது. யாரென்று வரவில்லை.

நீலச் சேலை அடுப்பங்கரையிலிருந்து வந்தது. கையில் ஈரம் சொட்டியது. வேல்சாமியின் தோளுக்குப் பின்னால் நின்று, பச்சைக் கோடு பாதியைத் தாண்டுவதைப் பார்த்தது. பிறகு கையைத் துடைக்க எதையோ தேடித் திரும்பியது. பேபி நின்ற இடத்துக்கு நேராக வந்தது. கொடியில் காயும் பழந்துணியை எடுப்பதுபோல் அவள் முந்தானையைப் பிடித்து, விரல் விரலாக, நிதானமாகத் துடைத்துக்கொண்டது.