பதினொன்று நாற்பத்து நாலு: கையை விடவில்லை

உத்திரமேரூர் வசந்த்குமார் ஒரு பெண்ணைக் காதலிக்க ஆரம்பித்த நேரத்தில் அவன் கண் மூடியிருந்தது. வாய்க்குள் குழாய் இருந்தது. வயிற்றில் நாலு ஓட்டை இருந்தது. மூச்சைக்கூட அவன் விடவில்லை, ஒரு மெஷின் அவனுக்காக விட்டுக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்கத் தூக்கம்... வலது கை மட்டும் விழித்திருந்தது. அந்தக் கைதான் காதலித்தது!

சிரிக்காதீர்கள். நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு, இதற்கு ஆதாரம் இருக்கிறது. ஏரிக்கரை டீக்கடையில் கேட்டால் பால்காரர் சொல்வார், பஸ் ஸ்டாண்டில் கேட்டால் கண்டக்டர் சொல்வார். ஊரில் அத்தனை பேரும் நம்பியாயிற்று, ஒரே ஒருத்தனைத் தவிர. அந்த ஒருத்தன் வசந்த்குமார்.

ஆவணி மாதத்தில், ஏழு ஏரித் தண்ணீரையும் ஒரே மேகம் தூக்கிவந்து கொட்டியது போல ஒரு மழை. செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூர் வரும் பஸ்ஸில், உத்தேசமாக ஒன்றேகால் லட்சம் பேர். அந்த நெரிசலில் ஷாரோனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். நெல் அறுக்கும் மெஷினின் அறுந்த பெல்ட்டை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான் ஒருவன். அளவு காட்டிப் புதுசு வாங்கப் போனானாம், கிடைக்கவில்லையாம். பஸ் குலுங்கியது. பெல்ட் சரிந்து ஃபைல் மேல் விழுந்தது.

"யோவ்... இன்னாது இது, மலைப்பாம்பா?"

"அறுப்பு மெஷினு பெல்ட்டு. கடிக்காது."

"கடிக்கல, கிரீஸ பூசிடுச்சு! எட்டு பேஷன்ட்டு பேப்பர் கீது இதுல!"

"இவ்ளோ உசத்தியான ஃபைல பஸ்ல இன்னாத்துக்கு இட்டுனு வர? அதுக்கு ஒரு காரு வெக்கறதுதான?"

அவள் நிமிர்ந்து முறைத்தாள். கண்ணா அது... உத்திரமேரூர் ஏரியை இரண்டாகப் பிரித்து மையிட்டு வைத்தது போல! இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. வசந்த்குமார் பெல்ட்டை எடுக்க மறந்து அந்தத் துளியையே பார்த்தான்.

பெல்ட்டுக்காரன்... பெல்ட்டு... என்று மனசுக்குள் அவனுக்குப் பெயர் வைத்துத் திட்டிக்கொண்டே வந்தாள் ஷாரோன். வாய்விட்டு அந்தப் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் வந்து இறங்கியதும் அவன் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவள் கோபம் பாதியில் நின்றது.

"இன்னா, வலிக்குதா?"

"நீ திட்னது செரிக்கல."

"வெளாடாத. சாப்ட்ட அப்பால வருதா? தோள்பட்ட வரைக்கும் இழுக்குதா? பித்தப்பைல கல்லாக்கூட இருக்கும். ஸ்கேன் எடுத்துப் பாரு."

கல்தான். கோலிக்குண்டு அளவில் மூன்று!

மூன்று வாரம் கழித்து, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முந்தின நாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். படிவத்தோடு ஒரு வெள்ளைக் கோட் வந்தது.

"ஐயோ... ஃபைலு!" என்றான்.

"நான் ஆராய்ச்சி நர்ஸு. ஷாரோன்னு பேரு," என்றாள், ரொம்ப மரியாதையாக. கன்னத்தில் விழுந்த ஒரு குழி மட்டும் அந்த மரியாதைக்குக் கட்டுப்படவில்லை.

கூட இருந்த அவன் அக்கா செவ்வந்தி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையிடம் ஸ்கேன் மெஷினெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

மயக்க மருந்து டாக்டர் பார்வதம் அந்த ஆராய்ச்சியை விளக்கினார். "மயக்கத்தோட, தசை அசையாம இருக்கவும் ஒரு மருந்து கொடுப்போம். அப்புறம் உள்ள முழிப்பு வந்தாக்கூட உங்களால சொல்ல முடியாது. அதனால முழங்கைக்குக் கீழ ஒரு பட்டையைக் காத்தடிச்சு இறுக்கிடுவோம். அந்த மருந்து வலது கைக்கு மட்டும் போகாது. ஷாரோன் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு பேர் சொல்லிக் கூப்பிடும். கேட்டா அழுத்தலாம். அழுத்தினா நான் உடனே மருந்தைக் கூட்டிடுவேன்."

"அப்போ நான் எங்க போயிருப்பேன் டாக்டரம்மா?"

பார்வதம் கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷத்தில் நாற்பதாயிரம் பேரைத் தூங்கவைத்து எழுப்பியவர், சின்னப் பெண் போல ஆகாயத்தைப் பார்த்தார். "அதான் தம்பி... யாருக்கும் முழுசாத் தெரியாது. நூத்தி எழுபது வருஷத்துக்கு மேல இந்த மருந்தெல்லாம் கொடுக்கறோம். ஆள் எங்க போறாங்க, எப்படித் திரும்பி வராங்க... இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கோம். சில பேர் உள்ளேருந்து கையை அழுத்துவாங்க. எழுந்ததும் ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

வசந்த்குமார் பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போட்டான், ஞாபகசக்திக்கு ஒரு சின்னப் பரீட்சையும் எழுதினான்.

மறுநாள் தியேட்டர். விளக்கின் அடியில், பஸ்ஸில் வாயாடியவன் பச்சைத் துணிக்குள் அவ்வளவு அமைதியாகக் கிடந்ததைப் பார்க்க ஷாரோனுக்கு என்னவோ போல் இருந்தது. அவன் வலது கையைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். காய்ப்பேறிய கை... ஆனால் சூடு.

அச்சடித்துக் கொடுத்த வாசகத்தைப் படித்தாள். "வசந்த்குமார், நான் பேசுவது கேட்டால் என் கையை அழுத்துங்கள்."

ஒன்றுமில்லை. மெஷின் மட்டும் பீப்... பீப்...

அப்போதுதான் பார்த்தாள். மூடி ஒட்டிய இமையோரத்தில் ஒரு துளி நீர் கசிந்து காதுப்பக்கம் இறங்கியது. மருந்தாலும் வரலாம். ஆனால்... உள்ளே இருக்கிறானா? தனியாகவா? வாசகம் மறந்துபோயிற்று. குனிந்து, அவன் காதோடு, யாருக்கும் கேட்காமல்...

"யோவ் பெல்ட்டு... கேக்குதா? கேட்டா கைய அமுக்கு. பயப்படாத, நான் இங்கதான் கீறேன்."

அமுக்கினான்!

அந்த ஒரு நொடியில், தியேட்டர் விளக்கெல்லாம் நட்சத்திரமாகி, ஷாரோனின் முதுகுத்தண்டில் ஏரி மதகு திறந்தது. இரண்டு தடவை அமுக்கச் சொன்னாள். ஒன்று... இரண்டு. அளந்தது போல. "டாக்டர், அழுத்தறார்!" பார்வதம் கண் சிமிட்டும் நேரத்தில் மருந்தைக் கூட்டினார். ஷாரோன் சொன்னாள், "இப்போ கையை விடுங்கள்."

விடவில்லை. மருந்து முழுசாக ஏறி, விரல்கள் ஒவ்வொன்றாகத் தளரும் வரை விடவில்லை.

ஆராய்ச்சியின் விதிப்படி ஐந்து கேள்விகளை மூன்று முறை கேட்க வேண்டும். எழுந்த அன்று கேட்டாள். மறுநாள் கேட்டாள். ஒரு மாதம் கழித்து அவன் வீட்டுக்கே வந்து கேட்டாள். தூங்குமுன் கடைசியாக ஞாபகம் இருப்பது என்ன? எழுந்ததும் முதல் ஞாபகம்? நடுவில் ஏதாவது? கனவு? எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது?

மூன்றாவது கேள்விக்கு மூன்று தடவையும் ஒரே பதில். "ஒண்ணுமில்ல."

ஒவ்வொரு தடவையும் அவள் நெஞ்சில் பாதி 'அப்பாடா' என்றது. முழிப்பு ஞாபகமிருந்தால் சிலருக்கு அது வருஷக்கணக்கில் துரத்தும், அவளுக்குத் தெரியாததா? மீதிப் பாதி மட்டும் சின்னதாக வாடியது. ஒன்றுமே இல்லையா, பெல்ட்டு...

"என் ரிப்போட்ட நான் கேட்டா காட்டணும்னு நான் கையெழுத்து போட்ட பேப்பர்ல கீதே. காட்டுங்க," என்றான். அக்காவும் கூட இருந்து பார்க்கட்டும் என்றும் அவனேதான் சொன்னான்.

காட்டினாள்.

11.42. பெயர் சொல்லி அழைத்தேன். அழுத்தினார்.
11.43. இரண்டு முறை அழுத்தச் சொன்னேன். இரண்டு முறை அழுத்தினார். மருந்து கூட்டப்பட்டது.
11.44. கையை விடச் சொன்னேன். விடவில்லை.

செவ்வந்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வசந்த்குமார் காது மடல் மிளகாய்ப் பழமானது.

"நானா? ஒரு பொண்ணு கையயா? சான்ஸே இல்ல. தப்பா எழுதிக்கீறீங்க."

ஷாரோனின் முகம் மாறியது. "ரெண்டு வருஷமா பஸ்ல தொங்கிக்கினு, வூடு வூடா போயி எழுதறேன். நடக்காதத நான் எழுதினதில்ல." ஃபைலை மூடினாள். குழி காணாமல் போயிற்று.

அவள் பஸ் ஏறுவதற்குள் செவ்வந்தி தெருவுக்குச் சொல்லிவிட்டாள். தெரு ஏரிக்கரைக்குச் சொன்னது. ராத்திரிச் சோறு ஆறுவதற்குள் செங்கல்பட்டு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டது சேதி. இதில் ஒரு வில்லங்கம். வசந்த்குமார் ஓட்டும் அறுப்பு மெஷினின் ஓனர் வேதகிரிக்கும் போயிற்று.

"மயக்கத்துல பொண்ணு கைய புடிச்சிக்கினு கெடந்தியாமே? மருந்து மூளைக்கு ஏறிக்கினா இன்னா பண்றது நைனா? பேஜாரு. கொஞ்ச நாளு சாவிய நான் வெச்சிக்கறேன்."

மெஷின்தான் வசந்த்குமாரின் உயிர். அதன் சாவி போனால் அவன் வெறும் ஆள். ஷாரோனுக்கு போன் போட்டுச் சாவி போனதைச் சொன்னான். "என் பேர ஆராய்ச்சிலேருந்து எடுத்துடுங்க. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு ஆயிடட்டும்."

அவனுக்கு அந்த உரிமை உண்டு. கையெழுத்துப் போட்டால் அந்த மூன்று வரியும் அழிந்துவிடும். எழுத்தில் அதற்கு வேறு சாட்சி கிடையாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தாள். ஐப்பசி மழை. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்தது. கரையோரம், தார்ப்பாய் மூடிய மெஷினுக்கு அடியில் அவன் புது பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

நனைந்த குடையை மடக்கி, இரண்டு தாள்களை நீட்டினாள்.

"இது விலகற ஃபாரம். கையெழுத்துப் போட்டா போதும். இது... நீங்க கேக்கல. ஆபரேஷனுக்கு முன்ன, ஒரு மாசம் அப்பால, ரெண்டு தபா ஞாபகசக்தி பாத்தோமில்ல? அந்த மார்க்கு. முன்னவிட இப்போ ரெண்டு கூடவே கீது. டாக்டரம்மா கையெழுத்து போட்டுக்கீறாங்க. உங்க ஓனருகிட்ட காட்டுங்க."

அவன் அந்தத் தாளையே பார்த்தான். தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று சொன்னவனுக்காக, மழையில் நனைந்து அவன் சாவியைக் கொண்டுவந்திருக்கிறாள்...

பேனாவை எடுத்தான். வைத்தான்.

"ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்காதீங்க. அந்த ரிப்போட்ல... எழுதாம வுட்ட வார்த்த எதனா கீதா?"

ஷாரோன் நிமிர்ந்தாள். "ஏன் கேக்கறீங்க?"

"எனக்கு ஒரு கொரலு கேக்குது. அது கனவுன்னு வெச்சிக்கினேன். வெளிய சொன்னா மூள கலங்கிடுச்சும்பாங்கன்னு பயம் வேற. நீங்க கேட்டப்பல்லாம் ஒண்ணுமில்லன்னுட்டேன். ரிப்போட்ல அந்த வார்த்த இருக்குமான்னுதான் அன்னிக்கு கேட்டேன். இல்ல. அப்போ கனவுதான்னு நெனச்சேன்... ஏன்னா அந்தப் பேரு சொல்லி என்னை யாரும் கூப்ட்டதே இல்ல."

"இன்னா பேரு?" அவள் குரல் மழையில் காணாமல் போகப் பார்த்தது.

"பெல்ட்டு."

ஏரி சத்தம் நின்றது. மழை நடுவழியில் நின்றது. கலங்கலில் துள்ளிய கெண்டை மீன்கூட அந்தரத்தில் நின்று திரும்பிப் பார்த்திருக்கும்!

"வலிச்சுதா?" என்றாள் முதலில். அதுதான் அவள். "சொல்லுங்க, வலி தெரிஞ்சுதா?"

"இல்ல. ஏரில முங்கிக்கினு கீறப்ப கரைலேருந்து யாரோ கூப்புடற மாறி. எந்தப் பக்கம் மேலன்னு தெரியல. அந்தக் கொரலு வந்த பக்கம் போனா போதும்னு இருந்துச்சு. அவ்ளோதான்."

அவள் கண்ணில் இந்தத் தடவை நின்றது மழைத்துளி இல்லை. எத்தனை மருந்து, எத்தனை மெஷின், எத்தனை படித்தவர்கள்... யாரும் எட்டிப் பார்க்காத அந்த ஆழத்துக்கு, இவள் வைத்த ஒரு பட்டப்பெயர் போய் வந்திருக்கிறது.

"சொன்னேன்," என்றாள். "காதுல சொன்னேன். வாசகத்துல இல்லாதத சொல்லக்கூடாது. சொன்னா எழுதணும். வெக்கத்துல மறைச்சிட்டேன். நாளைக்கே டாக்டரம்மாகிட்ட சொல்லி எழுதிடுவேன், திட்டு வாங்கினாலும் சரி. உங்க பதிலயும் சேத்து எழுதணும்."

"எழுதுங்க." விலகல் படிவத்தை நாலாக மடித்து மெஷின் சக்கரத்துக்கு அடியில் செருகினான். "அடுத்தாப்புல படுக்கறவனுக்கும் ஒரு கை வேணுமில்ல?"

"இன்னொண்ணும் எழுதாம வுட்டேன்..." அவள் தரையைப் பார்த்தாள். "11.44க்கு அப்பால... உங்க வெரலு தளந்துடுச்சு. என்னுது தளரல. ஆபரேஷன் முடியற வரைக்கும் நானும் வுடல. அத்த மட்டும் எந்த ஃபாரத்துலயும் எழுத எடமில்ல."

கிரீஸ் படிந்த வலது கையை அவன் நீட்டினான். துடைத்துவிட்டு நீட்டத் தோன்றவில்லை. அவளும் கிரீஸைப் பார்க்கவில்லை, கையைக் கொடுத்தாள்.

"உன்ன எனக்குப் புடிச்சிக்கீது ஷாரோன். தூங்கறப்ப தெரிஞ்சது, முழிச்சப்ப சொல்ல தைரியம் வரல."

"எனக்கு பஸ்லயே தெரியும்," என்றாள், குழி திரும்பி வந்துவிட்டது. "ஃபைல்ல அந்தக் கறைய இன்னும் தொடைக்கல."

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. "கைய வுடுங்க... பஸ்ஸு வந்துச்சு."

விடவில்லை.

கரைமேல் குடையோடு வந்துகொண்டிருந்த செவ்வந்தி, ஊருக்கே கேட்கும்படி கூவினாள். "டேய்! இன்னாடா சொல்ற இப்போ? நடந்துச்சா இல்லியா?"

வசந்த்குமார் அவளைப் பார்த்தான், பிடித்திருந்த கையைப் பார்த்தான்.

"நடந்துச்சுக்கா," என்றான். "நெசமாவே நடந்துச்சு."