லாருஸ் வீட்டின் மூன்றாவது எச்சரிக்கை

புதன்கிழமை. பிற்பகல் 2.22.

லாருஸின் வீடு செத்துக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. வந்தது அவருக்கு அல்ல. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி, கால்கரியில் இருக்கும் மகள் சிக்ரூனின் போனுக்கு.

'வீட்டின் வெப்பம் 8 டிகிரி. ஃபர்னஸ் பழுதாகியிருக்கலாம்.'

லாருஸ் இருக்கும் கிம்லியில், கனடாவின் அந்த ஏரிக்கரை ஊரில், அன்று வெளியே மைனஸ் முப்பத்தொன்று. அந்தக் குளிரில் வீட்டுக்குச் சூடு தரும் ஃபர்னஸ் நின்றால் விடிவதற்குள் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். உள்ளே இருப்பவருக்கு எழுபத்தாறு வயது.

இது மூன்றாவது எச்சரிக்கை. மூன்று வந்துவிட்டால் வீட்டை விற்றுவிட்டு ஏரிக்கரை முதியோர் விடுதிக்குப் போய்விட வேண்டும் என்று அப்பாவும் மகளும் கிறிஸ்துமஸ் அன்று கைகுலுக்கியிருந்தார்கள். அந்த வீட்டை ஒவ்வொரு பலகையாக அறைந்து கட்டியவர் லாருஸ். ஆனால் கைகுலுக்கிய பேச்சை மீறுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

2.41.

ஃபர்னஸ் மெக்கானிக் தோரா வந்து சேர்ந்தாள். முதல் எச்சரிக்கைக்கு வந்தபோது ஃபர்னஸைப் பிரித்துப் பார்த்தாள், பழுதில்லை. இரண்டாவதற்கு வந்தபோது, வெப்பத்தை அளந்து சிக்ரூனுக்குச் செய்தி அனுப்பும் தெர்மோஸ்டாட்டையே புதிதாக மாற்றினாள். இப்போது மூன்றாவது. அவளுக்குத் தன் மேலேயே கோபம்.

கதவைத் திறந்த லாருஸ் சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டிருந்தார்.

"வா தோரா. பூட்ஸைக் கழட்டு. மூணாவது தடவையா துக்கம் விசாரிக்க வந்திருக்கே."

"துக்க வீட்ல இப்படியா வேர்க்கும்?"

"அதைத்தான் நானும் கத்துறேன். என் மக அப்பன் பேச்சை நம்பமாட்டா. சுவத்துல ஒட்டின டப்பா சொல்றதுதான் அவளுக்கு வேதம்."

டப்பா, அதாவது தெர்மோஸ்டாட், வாசல் நடையில் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே இருந்தது. அதற்கும் கீழே மோலி என்ற பூனை பின்னங்காலில் எழுந்து நின்று சுவரை நக்கிக்கொண்டிருந்தது.

"சீ, போ! இதுக்கும் மூளை கலங்கிப்போச்சு" என்றார் லாருஸ். "புதன்கிழமை ஆனா சுவத்தை நக்குது."

தோரா பூனையைப் பார்த்தாள். பிறகு அடித்தளத்துக்கு இறங்கினாள். ஃபர்னஸ் உறுமிக்கொண்டிருந்தது, கல்யாண வீட்டு அடுப்பைப் போல.

2.55.

மேலே சீட்டு மேசையில் ஹெல்கி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வருடம் லாருஸோடு ஒரே படகில் வலை இழுத்தவர். அக்டோபரில் அதே ஏரிக்கரை விடுதிக்குக் குடிபோனவர். இன்னமும் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பதை விடவில்லை. பக்கத்து வீட்டு லூபா, தோராவின் வண்டியைப் பார்த்ததும் வந்து நின்றுவிட்டாள். மேசை மேல் போன், அதில் சிக்ரூனின் குரல்.

"தோரா, காரணமெல்லாம் வேண்டாம். மூணு ஆயிடுச்சு. இனிமே இங்க உக்காந்து பயந்துக்கிட்டிருக்க என்னால முடியாது. சனிக்கிழமை வீட்டு ஏஜென்ட் வர்றார்."

லாருஸ் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். தோராவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"விக்கிறதா இருந்தா என் பையன் வாங்கிப்பான்" என்றாள் லூபா.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பார்க்கிறீங்க? கேக்கிறதுல என்ன தப்பு?"

"நீங்க இன்னைக்கு முதல்ல எப்ப வந்தீங்க, லூபா?" என்றாள் தோரா.

"பன்னிரண்டு மணிக்கு. புதன்கிழமை புதன்கிழமை பெரோகி கொழுக்கட்டை கொண்டுவந்து வைப்பேன். என் ஃப்ரீசர்லேருந்து எடுத்து அப்படியே இவர் ஃப்ரீசர்ல."

"மூணு எச்சரிக்கையும் புதன்கிழமைதான்."

"அதுக்கு? கொழுக்கட்டை போய் ஃபர்னஸை அணைச்சுதா?"

தோரா லாருஸ் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டே கால் மணிக்கு எங்க இருந்தீங்க?"

"சமையலறைல. முதல் ஆட்டத்துல தோத்தவன் காபி போடணும். என் காபிப் பாத்திரம் கிழடு, கொதிச்சு இறங்கப் பன்னிரண்டு நிமிஷம்."

"எப்பவும் நீங்கதான் தோப்பீங்களா?"

"முதல் ஆட்டம் மட்டும் இவன் எப்படியோ ஜெயிச்சுடுவான். அப்புறம் பாரு, கோவணம்கூட மிஞ்சாது இவனுக்கு."

ஹெல்கி சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

"இருந்து சாப்பிட்டுட்டுப் போ தோரா" என்றார் லாருஸ். "மீனை இப்பவே பொரிச்சாகணும், ஒரு பக்கம் இளகிக் கிடக்கு. ஹெல்கி கொண்டுவர்ற மீன் எப்பவும் இப்படித்தான்."

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறான்" என்றார் ஹெல்கி.

"எதுல வந்தீங்க, ஹெல்கி?"

"நடந்துதான். விடுதிலேருந்து பத்து நிமிஷம். ஏன்?"

"சும்மா."

3.20.

தோரா எல்லோரையும் வாசல் நடைக்கு அழைத்தாள். போனையும் கொண்டுவரச் சொன்னாள்.

"சிக்ரூன், கேளுங்க. தெர்மோஸ்டாட் பதிவுல 2.10க்கு இருபத்தோரு டிகிரி. 2.22க்கு எட்டு. 2.40க்கு மறுபடி இருபது. ஃபர்னஸ் செத்தாலும் இந்த வீடு ஒரு டிகிரி இறங்கவே வெகு நேரமாகும். உங்கப்பா கட்டின சுவர் அப்படி. பன்னிரண்டு நிமிஷத்துல வீடு குளிராது. டப்பாதான் குளிரும். டப்பா குளிர்ந்ததும் ஃபர்னஸ் பதறிப்போய் முழு மூச்சா எரிஞ்சிருக்கு. அதான் உங்கப்பாவுக்கு வேர்வை."

"அப்ப யாரோ..."

"ஐஸ் மாதிரி ஒண்ணை டப்பா மேல சாத்தி வெச்சிருக்காங்க."

"ஐயோ, என் கொழுக்கட்டையைச் சொல்றாளே!" என்றாள் லூபா.

தோரா ஃப்ரீசரிலிருந்து கொழுக்கட்டைப் பையை எடுத்து மோலி முன்னால் வைத்தாள். பூனை முகர்ந்தது. அவமானப்பட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு சமையலறையிலிருந்து மீன் பையைக் கொண்டுவந்து கோட்டுக் கொக்கியில் மாட்டினாள். பை நேராகத் தெர்மோஸ்டாட்டின் மேல் படிந்து தொங்கியது. சொட்டிய நீர் சுவரில் வழிந்தது. மோலி பாய்ந்து வந்து அதே இடத்தில் நக்க ஆரம்பித்தது.

"மைனஸ் முப்பத்தொண்ணுல பத்து நிமிஷம் நடந்து வந்த மீன் பாறாங்கல்லா இருக்கணும், ஹெல்கி. ஒரு பக்கம் மட்டும் எப்படி இளகிச்சு? லாருஸ் காபி போட்ட நேரம் பூரா அது இங்க தொங்கிச்சு. கப்புச் சத்தம் கேட்டதும் எடுத்துட்டீங்க. மூணு எச்சரிக்கை விஷயத்தை லாருஸே உங்ககிட்டப் புலம்பியிருப்பார்."

ஹெல்கி தலை குனிந்தார்.

"டேய், நீயா?" லாருஸின் குரல் உடைந்தது. "என் வீட்டையாடா?"

"வீடு யாருக்குடா வேணும்? டிசம்பர்ல எங்க விடுதி ஸ்டெய்னி செத்துப் போயிட்டான். அங்க நாலு பேர் ஆடற மேசைல மூணு பேர் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். உன்னை அங்க வந்துடுன்னு மூணு தடவை கூப்பிட்டேன். நாலு பேர் தூக்கினாத்தான் இங்கேருந்து போவேன்னு சொன்னே."

கீழே ஃபர்னஸ் மறுபடி உறும ஆரம்பித்தது.

"முதல் ஆட்டத்துல எப்படிடா ஜெயிச்சே?" என்றார் லாருஸ்.

"சட்டைக் கைக்குள்ள சீட்டு."

"திருட்டுப் பயலே. அதை மன்னிக்கமாட்டேன்." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நாலு பேர் அப்புறம் தூக்கட்டும். முதல்ல நாலு பேரா உக்காருவோம். அடுத்த புதன் மத்த ரெண்டு பேரையும் இங்க இழுத்துட்டு வா. காபி நீதான் போடறே, சாகிற வரைக்கும்."

போனில் சிக்ரூன் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஏஜென்ட்டை வர வேண்டாம்னு சொல்லிடறேன்ப்பா" என்றாள்.

அடுத்த புதன். பிற்பகல் 2.22.

"அப்பா! வீடு இருபத்தேழு டிகிரின்னு வருது! ஃபர்னஸ் வெடிக்கப் போகுதா?"

"இல்லம்மா. ஹெல்கி இப்பத்தான் மீன் பொரிச்சுட்டு வந்து உக்கார்றான். இன்னைக்குக் கல்லு மாதிரி வந்துச்சு." லாருஸ் சீட்டை இறக்கினார். "போனை வை. நாலு பேர் காத்துக்கிட்டிருக்கோம்."