கழியின் நடுவே ஓரிடம்

கோழிக்கூட்டிலிருந்து சண்டைச் சத்தமே வரவில்லை என்பதுதான் அன்று காலையில் அவளை முதலில் உறுத்தியது.

புதிய இளங்கோழிகளைப் பழைய கூட்டத்தோடு சேர்த்தால் முதல் நாள் ரணகளமாகத்தான் இருக்கும் என்பதை அவள் அறியாதவள் அல்லள். அதனால்தான் சில வாரங்களாக அவற்றைக் கம்பிவலைக்கு அப்பால் தனியே வைத்து, இரு தரப்பும் பார்த்துப் பழகட்டும் என்று பொறுமை காத்தாள். வலையின் கண்கள் வழியாகவும் கொத்து விழுந்தது. கடைசியில் தீவனக்கடைக்காரர்தான் வழி சொன்னார்.

"பகல்ல விட்டா விரோதிம்மா. ராத்திரி அதுங்க தூங்குறப்போ குஞ்சுகளைத் தூக்கி, அதுங்க அடையுற கழியில நடுவுல உக்கார வெச்சிடுங்க. விடிஞ்சதும், இது என்னைக்கும் நம்மகூட இருந்ததுதானேன்னு நெனச்சுக்கும். கோழி மூளை அவ்வளவுதான். நம்ம சொந்தக்காரங்களும் இப்படிச் சுலபமா மறந்தா எவ்வளவு நல்லாருக்கும்!"

அப்படியே செய்தாள். ஈர மரத்தூளும் எச்சமும் தவிட்டுப் பொடியும் கலந்து மூச்சை அடைத்த அந்த இருட்டில், உள்ளங்கையில் துடித்த சின்னஞ்சிறு நெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பழைய கோழிகளின் வெதுவெதுப்புக்கு நடுவே அமர்த்திவிட்டு வந்து படுத்தாள்.

இப்போது கூட்டைத் திறந்தால், இளங்கோழிகள் கழியின் நடுவில் சிறகை உப்பிக்கொண்டு அமர்ந்திருந்தன. பழையவை இரு ஓரங்களிலும் ஒடுங்கியிருந்தன. அத்தனை கோழிகளையும் அதட்டி மேய்த்து வந்த புள்ளிக்கோழி, வீட்டார் 'மேஸ்திரி' என்று அழைப்பது, தரையில் சுவரைப் பார்த்து நின்றது. அதன் பின்கழுத்தில் இறகு இல்லை.

தண்ணீர் வாளியுடன் சமையலறைக்குள் நுழைந்தவளின் காதில் கணவனின் குரல் விழுந்தது.

"பெரியவளே, பாலைக் குடிச்சிட்டு எந்திரி. நேரமாச்சு பாரு."

அவர்களுக்கு இருப்பது ஒரே மகள்.

மேசையின் நடு நாற்காலியில், மகளுடைய இடத்தில், அவளைவிடத் தலையளவு உயரமான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வழித்து வாரிய தலை. இமைக்காத கண். அவளிடமிருந்து ஈர மரத்தூளின் வெதுவெதுப்பான வாடை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. மகள் மூலையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருங்க இது?"

கணவன் வாய்விட்டுச் சிரித்தான். "காலங்காத்தால உங்கம்மாவுக்கு விளையாட்டைப் பாரு!"

அவள் மகளின் முன் மண்டியிட்டாள். "குட்டிம்மா, நீ சொல்லு. யாருடா இது?"

"அக்கா." குழந்தை சற்றே தயங்கியது. "அம்மா, நான் இனிமே எங்க உக்காரணும்?"

தாய் எதிர்வீட்டுத் தையற்காரியிடம் ஓடினாள். அவரோ கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே, "மூத்தவளுக்குப் பாவாடை அளவெடுத்த கைதானேம்மா இது? உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கனிவோடு கேட்டார்.

அடுத்து வந்த நாட்களில் மகள் கட்டிலின் ஓரத்துக்கும், பின்பு கதவருகே தரைக்கும் நகர்ந்தாள். யாரும் அவளை நகரச் சொல்லவில்லை. ஒரு மாலை தலை வாரிவிடும்போது, பின்கழுத்தில் ஒரு கொத்து முடி இல்லாததைத் தாய் கண்டாள்.

"யாருடா இழுத்தா?"

"யாரும் இல்லம்மா. நான்தான் வழியில நின்னுட்டேன்."

மறுநாள் தாய் தன் கண்ணாலேயே பார்த்தாள். பெரியவளோடு ஏதோ பேசிக்கொண்டே கடந்த கணவன், பேச்சை நிறுத்தாமல், விரல் முட்டியால் குழந்தையின் கழுத்தில் அழுந்தக் குத்திவிட்டுப் போனான். முகத்தில் கோபமே இல்லை. தூசு தட்டுகிற முகம். வெளியே கூட்டில், மேஸ்திரியோடு காலமெல்லாம் சிறகொட்டித் தூங்கிய கோழிகளும் வரிசையாக வந்து கொத்திக்கொண்டிருந்தன.

இனி இங்கே இருக்கலாகாது. குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு வாசற்கதவு வரை வந்துவிட்டாள். எதிரே தையற்காரி.

"எங்கேம்மா கெளம்பிட்டே, இந்த வெயில்ல?"

கேட்டுக்கொண்டே நெருங்கினார். கேட்டுக்கொண்டே குழந்தையின் பின்கழுத்தை நகத்தால் கிள்ளினார். தெருவில் போன பால்காரர் மிதிவண்டியை நிறுத்தினார். இறங்கினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

போக இடமில்லை.

அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிக் குளியலறையில் தாழிட்டாள். சன்னல் வழியே வெயில் விழுந்தது. கதவுக்கு வெளியே இரண்டு மூச்சுகள். யாரும் தட்டவில்லை. காத்திருந்தார்கள்.

"அம்மா, நீ இருக்கேல்ல?"

"இருக்கேன்டா தங்கம். திரும்பு, கழுவி விடுறேன்."

குழந்தை திரும்பிக் குனிந்தது. பின்கழுத்தில் ஒரு துளி. பருப்பளவு. சிவப்பு.

ஈரத்துணியால் துடைத்தாள். மீண்டும் ஊறியது. மீண்டும் துடைத்தாள். ஊறியது. பளபளத்தது. எத்தனை சிவப்பு! வேறெதுவும் அந்த அறையில் இல்லை. கண்ணை எடுக்க முயன்றாள். சுவரைப் பார். குழாயைப் பார். முடியவில்லை.

துணி கையிலிருந்து நழுவியது.

"அம்மா?"

அவள் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது, ஒற்றைக் கண்ணால் நன்றாகப் பார்ப்பதற்கு. பின்பு அந்தச் சிவப்பை நோக்கி மெல்லத் தாழ்ந்தது.

குழந்தை அசையாமல், கழுத்தைக் காட்டியபடி நின்றது.