அணையாத கார் மெஷின்

மழை விட்ட மத்தியானத்தில் தம்பி தோளில் டூல்ஸ் பையோடு வந்து நின்றான். எலக்ட்ரீஷியன் வேலையில் அவன் சூரன். மொட்டை மாடி விளிம்பில் நின்று ஒயர் இழுத்துக்கொண்டே போனில் கடலை போடுவான். அக்கா வீட்டுக் கேம் ரூம் என்றால் மட்டும் அவனுக்குப் பயம். இன்றைக்கு, நாளைக்கு என்று டபாய்த்துக்கொண்டே இருந்தவனை அக்கா திட்டித் தீர்த்த பிறகுதான் வந்திருக்கிறான்.

"உள்ள வர்றியா, இல்ல வாசல்லயே வேலைய முடிச்சுக்கறியா?" என்றாள் அக்கா.

"அப்படி ஒரு வழி இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். தம்பி அரண்டவன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கா அரளுகிற ஆள் இல்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவர்களோடு தினமும் மெயின் ரோட்டில் போய் வருகிறவளுக்குப் பேய் எந்த மூலைக்கு? அப்படிப்பட்டவளே ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

அவள் கணவர் பழைய ஆர்கேட் மெஷின்களாக வாங்கிச் சேர்த்தவர். கடைகளில் காசு போட்டு ஆடுவோமே, அந்த ஆள் உயரப் பெட்டிகள். வீட்டின் கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத அறையில் அவை வரிசையாக நிற்கும். நடுவில் அவருடைய செல்லம், கார் ரேஸ் மெஷின்: சீட், ஸ்டீயரிங், பெடல் எல்லாம் வைத்தது. அதில் ஜெயித்தவர்கள் பட்டியலில் முதலிடத்தில் அவர் பெயர்தான் இருக்கும். கரண்ட் போனால் அந்த மெஷின் எல்லாப் பெயரையும் மறந்துவிடும் என்பதால் அதை அவர் ஒருநாளும் அணைத்ததில்லை.

அதை ஓட்ட அவளை விட்டதும் இல்லை. "உனக்கு வராதும்மா. நீ ஓட்டினா வண்டி நேரா சுவத்துக்குத்தான் போகும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள் அவரோடு சேர்ந்து சிரித்து வைப்பாள்.

போன வருடம் அந்த சீட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் அவள் மெஷினை அணைக்கவில்லை. மனுஷன் பெயர் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இரக்கப்பட்டாள். அந்த இரக்கம்தான் வினையாகப் போயிற்று.

ஆள் இல்லாத நேரத்தில் மெஷின்கள் தாமாக ஆடிக் காட்டும், அது வழக்கம்தான். ஆனால் ஊமைப்படம் மாதிரி. சத்தம் வராதபடி அவரே வைத்திருந்தார். யாராவது உட்கார்ந்து ஆடினால்தான் சத்தம் வரும்.

ஒரு மாதமாகக் கீழே இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

மகள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். "அந்தச் சத்தம் நிக்கட்டும்மா, வர்றேன்" என்றாள். அக்காவுக்குப் பொறுக்க முடியாமல் போனது அதுதான். செத்தவர் வீட்டுக்குள் இருக்கிறார், உயிரோடு இருக்கிற பெண் வெளியே கிடக்கிறாள். இது என்ன நியாயம்?

ஸ்விட்சுகள் எல்லாம் பெட்டிகளின் முதுகுப் பக்கம், சுவரோடு ஒட்டி. கை போகாது. அதனால் சுவர் பிளக் ஒவ்வொன்றிலும் ரிமோட் ஸ்விட்ச் மாட்டி, கிட்டே போகாமல் போனிலிருந்தே அணைத்துவிடுவது என்று அக்காவும் தம்பியும் முடிவு செய்திருந்தார்கள்.

படி இறங்கும்போதே சூடான தூசி வாசனையும் பழைய ரப்பர் வாசனையும் அடித்தன. கூடவே கிராம்பு வாசனை. அவர் எப்போதும் வாயில் கிராம்பு போட்டு மென்றுகொண்டிருப்பார். தம்பி மூக்கைச் சுளித்தான். அறையின் பல்பு எப்போதோ போய்விட்டது, திரைகளின் வெளிச்சம்தான். அவன் குனிந்து வளைந்து எல்லா ஸ்விட்சையும் மாட்டி முடித்தான்.

"ஒண்ணு ஒண்ணா அணை."

அக்கா போனைத் தொட்டாள். ஓரத்து மெஷின் அணைந்தது. அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றும் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்க, இருட்டு மூலையிலிருந்து நடு அறைக்கு வந்தது. கடைசியில் கார் மெஷின் மட்டும் மிஞ்சியது.

தொட்டாள்.

அணைந்துவிட்டதாகப் போன் சொன்னது. திரை எரிந்துகொண்டிருந்தது.

இன்ஜின் உறும ஆரம்பித்தது.

"பயப்படாதக்கா" என்றான் தம்பி. "மாமா சீட்டுக்கு அடியில பேட்டரி வெச்சிருப்பார். சுவத்துல கரண்ட் நின்னாலும் ஓடறதுக்கு. நான் ஸ்விட்ச சுவத்துக்கும் பேட்டரிக்கும் நடுவுல மாட்டிட்டேன், பேட்டரிக்கும் மெஷினுக்கும் நடுவுல மாட்டியிருக்கணும். சீட்டைத் தள்ளிட்டா முடிஞ்சுது."

சக்கரம் வைத்த சீட், குழந்தை தள்ளினாலே நகரும். அவன் தள்ளினான். காலை ஊன்றிக்கொண்டு தள்ளினான். அசையவில்லை.

"அக்கா... சீட்டைப் பாரு."

சீட்டின் மெத்தை அமுங்கியிருந்தது.

ஸ்டீயரிங் இடமும் வலமுமாக மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"வா, போயிடலாம்" என்று கிசுகிசுத்தான் தம்பி.

"எங்க போறது? இது என் வீடு."

அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்கிற கதையாக இல்லையா இது?

"எழுந்திருங்க" என்றாள்.

இன்ஜின் இன்னும் உரக்க உறுமியது.

"ஆட்டம் முடியாம எழுந்திருக்க மாட்டாரு. எனக்குத் தெரியாதா இவர?" என்று புடவையைச் செருகிக்கொண்டு, அந்தப் பள்ளத்திலேயே போய் உட்கார்ந்தாள்.

சீட் சூடாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. திரையில் சாலை விரிந்ததும் ஸ்டீயரிங் அவள் கையைத் தள்ளிக்கொண்டு சுவர்ப் பக்கம் வெட்டியது. முரட்டு இழுப்புதான். ஆனால் புதிதாக ஓட்டக் கற்கிறவர்களும் இப்படித்தான் இழுப்பார்கள்; அவர்களிடம் மல்லுக்கட்டியே காய்த்துப்போன கை அவளுடையது. பிடித்துத் திருப்பினாள். பிடரியில் கிராம்பு மணக்க ஒரு மூச்சு பட்டது. விரல்களுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத விரல்கள் இறுகின. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட்டினாள்.

"ஸ்டீயரிங்க விடு" என்றாள் பல்லைக் கடித்து. கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. "நான் சிரிச்சதெல்லாம் சம்மதம்னு நெனச்சியா? விடு."

கடைசி வளைவில் விரல்கள் தளர்ந்தன.

கோட்டைத் தாண்டியபோது திரையில் முதலிடத்தில் அவள் பெயருக்காக இடம் காலியாக மினுங்கியது. எழுத்துகளைப் போட்டாள். அவர் பெயர் ஒரு படி கீழே இறங்கியது. தம்பி தொட்டதும் சீட் சறுக்கிக்கொண்டு போனது. அவன் பேட்டரிக்கும் மெஷினுக்கும் நடுவில் ஸ்விட்சை மாற்றி மாட்டினான்.

"இப்ப அணைச்சா உன் பேரும் போயிடும்க்கா. ஒரு போட்டோவாவது எடுத்துக்கோ."

"இந்தப் பேர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்கு என் பொண்ணு வரணும்."

போனைத் தொட்டாள். திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. இருட்டில் இருவர் மூச்சு மட்டும்தான் கேட்டது.

மேலே வந்து மகளைக் கூப்பிட்டாள். "சத்தம் நின்னுடுச்சும்மா."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். பையை எடுத்து வை, நானே வர்றேன்."

தம்பியை டீ போடச் சொல்லிவிட்டு ஸ்கூல் காரை எடுக்கப் போனாள். கற்றுக்கொடுக்கிறவருக்கென்று பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் வைத்த கார் அது. அன்றைக்கு மாணவர் யாரும் இல்லாததால் அவளே ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, கியர் போட்டு, கிளட்சை விட்டாள். வண்டி நகரவில்லை. குலுங்கி நின்றது.

பக்கத்து சீட்டின் பிரேக் பெடல் தரையோடு தரையாக அமுங்கியிருந்தது.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினாள்.

"கால எடு" என்றாள், மாணவரிடம் பேசுகிற அதே குரலில். "இந்த வண்டி என்னது. நான் சொன்னாத்தான் பிரேக். அவ ஏறும்போது நீ எறங்கிடணும்."

பெடல் மெல்ல மேலே வந்தது. அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வண்டியைத் தெருவுக்கு எடுத்தாள்.

பக்கத்து சீட்டின் பெல்ட் தானாக இழுபட்டு, டக் என்று மாட்டிக்கொண்டது.