‘புல்கா’ என்று கூப்பிட்டவன்

“புல்கா!”

விதின் நகரச் சந்தையே திரும்பிப் பார்த்தது. நெவேனாவுக்குக் காது மடல்கள் சுட்டன. விதின்காரர்கள் பேச்சில் புல்கா என்றால் மணப்பெண்... போன மாதம் வெள்ளைக் கவுனில் தேவாலய வாசலில் காத்து நின்று, மாப்பிள்ளை வராமலே வீடு திரும்பியவளை அப்படியா கூப்பிடுவது?

கையிலிருந்த தயிரைக் கூப்பிட்டவன் சட்டையிலேயே கொட்டினாள்.

“உனக்கும் நான் கேலிப் பொருளா?”

மிரண்டு விழித்தன அவன் கண்கள். மழைமேகம் மாதிரி சாம்பல் நிறக் கண்கள்...

“ஐயோ, உங்க கூடையிலேர்ந்து இந்தப் பூ விழுந்துச்சுங்க... அதைத்தான் சொன்னேன்,” என்றான் செர்பியச் சாயலில். உள்ளங்கையில் செக்கச்செவேலென்று ஒரு கசகசாப்பூ.

பக்கத்துக் கடை ஸ்தொய்னா அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். “அடியே, தீமோக் ஆத்துக்கு அந்தப் பக்கம், செர்பியாவுல, இந்தப் பூவுக்குப் பேரே புல்காதான்! எங்க அம்மா ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க. சிவப்பு முக்காட்டோட தலை குனிஞ்ச கல்யாணப்பொண்ணு மாதிரி இருக்குல்ல? அந்தப் பேரு பூவுக்கும் ஒட்டிக்கிச்சு. மூலச்சொல்லு துருக்கியிலேர்ந்து வந்ததும்பாங்க.”

நெவேனா நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடியேவிட்டாள்.

“அவன்கிட்ட போய் மன்னிப்புக் கேக்கணுமா? சந்தையில சிரிச்சது பத்தாதா? பேசாம வீட்ல கிட,” என்றாள் அம்மா. ஆனால் அந்த மிரண்ட கண்கள்... சாயங்கால மழையில், செர்பியப் பேருந்து கிளம்பும் நிலையத்துக்கே போய்விட்டாள்.

ஈரச் சட்டையோடு அவன் நின்றிருந்தான்.

“சட்டையைக் குடுங்க... துவைச்சுத் தரேன்.”

“வேற சட்டை இல்லீங்க. கழட்டினா ஊரு இன்னும் சிரிக்கும்.”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கூடவே கண்ணீரும்.

“அது கோபம் இல்லீங்க, அவமானம். ஒருத்தன் என்னை விட்டுட்டுப் போயிட்டான். அதுலேர்ந்து யார் வாயைத் திறந்தாலும் என்னைத்தான் சொல்றாங்கன்னு... பாவம், உங்க மேல காட்டிட்டேன்.”

அவன் முகமும் சிவந்தது.

“நானும் யோக்கியன் இல்லீங்க. பூ உங்க கூடையிலேர்ந்து விழல. ரொம்ப நேரமா உங்களையே பார்த்துட்டிருந்தேன்... பேச ஒரு சாக்கு வேணுமேன்னு ரோட்டோரத்துல நானே பறிச்சேன். என் பேரு மிலுதின். உங்களைப் பிடிச்சிருக்கு.”

பேருந்து உறுமியது. நிலையத்தில் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். நெவேனா அவன் ஈரச் சட்டையின் கையைப் பிடித்தாள்.

“போகாதீங்க மிலுதின்... எனக்கும்தான்.”