பதினொன்று முதல் இருபது வரை

போன் அடித்தது.

ப்ரோக்ராமர் பாய்ந்து எடுத்தான்.

மூன்று நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தச் சத்தத்துக்காகத்தான் அவன் காத்திருந்தான். 'உங்க பேஸ்மேக்கரை மாத்தணும், உடனே வாங்க' என்று ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும்.

திரையில் தெரிந்தது அண்ணியின் எண்.

"ஆஸ்பத்திரிக்கு வா." குரல் உடைந்திருந்தது. "உங்க அண்ணன்..."

லைன் அறுந்தது.

அவன் நிலைக்கண்ணாடியைப் பார்த்தான். சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பைத் துடைத்துவிட்டு, ஒரு தம்பிக்குரிய முகத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்கு நிரல் எழுதுபவன் அவன்தான். அண்ணன், தம்பி இருவருக்கும் பிறவியிலேயே பலவீனமான இதயம். இருவருக்கும் அங்கேதான் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். ஒரே கம்பெனி, ஒரே ரகம்.

போன வாரம் அந்தக் கம்பெனி, ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்டுக்கு ரகசியமாக ஒரு கடிதம் அனுப்பியது. முப்பது பேருக்குப் பொருத்திய கருவிகளின் பேட்டரி எந்த நிமிஷமும் நின்றுவிடலாம்... கூப்பிட்டு மாற்றுங்கள்.

அந்தக் கடிதத்தை ப்ரோக்ராமர் திருட்டுத்தனமாகப் படித்தான். படித்ததும் அவனுக்கு அண்ணனின் ஞாபகம் வந்தது. அண்ணியின் ஞாபகமும்தான்!

அவள் முதலில் இவனுடைய கல்லூரித் தோழி. இவன்தான் வீட்டுக்கு அழைத்து வந்தான். அண்ணன் கட்டிக்கொண்டான்.

அண்ணன் சாக வேண்டும். ஆனால் கொலை என்று யாரும் சொல்லக் கூடாது. அதற்கு அவனிடம் ஒரு பழைய பிழை கைவசம் இருந்தது.

நோயாளிகளைக் கூப்பிடும் பட்டியல், பக்கத்துக்குப் பத்துப் பேராகத் திரையில் வரும். பேசி முடித்த பெயரை டிக் செய்தால், அது பட்டியலிலிருந்து போய்விடும். முதல் பத்துப் பேரும் போனதும், மிச்சமுள்ள இருபது பேர் மேலே நகர்ந்துவிடுவார்கள். ஆனால் 'பக்கம் இரண்டு' என்று அழுத்தினால், கம்ப்யூட்டர் பழைய புத்தியில் மறுபடியும் பத்துப் பேரைத் தாண்டி, அதற்கு அடுத்தவர்களைக் காட்டும்!

பதினொன்று முதல் இருபது வரை உள்ளவர்கள் அந்தப் பள்ளத்தில் விழுவார்கள். அவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஆபரேஷன் தேதி வரிசையில் அமைந்த அந்தப் பட்டியலில் அண்ணன் மூன்றாவது ஆள். தேதியை மாற்றி அவனைப் பதினாலுக்குத் தள்ளினான். தான் இருபத்திரண்டு. பத்திரம்! ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தான்.

கூடவே சாகப்போகும் ஒன்பது பேரின் பெயர்களையும் வயதையும் அவன் படிக்காமல் இல்லை. காபி குடித்துக்கொண்டே படித்தான். ஒருத்தன் செத்தால் கொலை, பத்துப் பேர் செத்தால் கம்ப்யூட்டர் பிழை... அவ்வளவுதான்.

ஒரே ஒரு சிக்கல். கடிதம் வந்தது அவனுக்குத் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைக்க வேண்டும். கூப்பிடாமல் போய் நின்றால் மாட்டிக்கொள்வான்.

அந்தப் போன் இன்னும் வரவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்கட்டு. ஜன்னல் இல்லாத அறை. ஸ்ட்ரெச்சரில் வெள்ளைத் துணி மூடிய உடல். பக்கத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர்.

"அண்ணா..." என்று விம்மியபடி துணியை விலக்கினான்.

இருபத்திநாலு வயதுப் பெண்ணின் முகம்.

"உங்க அண்ணன் இல்ல சார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "அடுத்த மாசம் கல்யாணமாக வேண்டிய பொண்ணு. ரெண்டு நாள்ல இது நாலாவது பாடி. அழறதை அப்படியே கன்டின்யூ பண்ணலாம், இவங்களுக்காகவும் யாராவது அழணுமில்ல."

கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் அண்ணன். மார்பில் புதுக் கட்டு. தள்ளிக்கொண்டு வந்தது அண்ணி.

ப்ரோக்ராமர் கையிலிருந்த துணியை நழுவ விட்டான்.

"என்னடா, ஒன்றரை வருஷமா பேசாதவன் ஓடி வந்திருக்கே?" என்றான் அண்ணன். "எரிக்கவா, புதைக்கவான்னு கேக்கறதுக்கா?"

இன்ஸ்பெக்டர் ஸ்டூலைக் காட்டினாள். உட்கார்ந்தான். கம்பெனிக் கடிதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாள். அவன் அப்போதுதான் கேள்விப்படுவதுபோலப் பதறினான். பட்டியலில் சிலரைக் கூப்பிடவில்லை என்றாள். அது அந்தப் பக்கங்களில் இருக்கும் பழைய பிழை, சரிசெய்ய நேரம் கிடைக்கவில்லை என்று தலையைக் குனிந்தான். பிழைக்கு யாரையும் ஜெயிலில் போட முடியாதே என்று மெல்லச் சேர்த்துக்கொண்டான்.

"முடியாதுதான்," என்றாள் அவள். "ஆனா ஒரு டேபிள் எங்ககிட்ட பேசிடுச்சு சார்."

அவன் நிமிர்ந்தான்.

நோயாளிகள் டேபிளில், அதாவது அவர்கள் விவரம் ஆளுக்கொரு வரியாக இருக்கும் கம்ப்யூட்டர் அட்டவணையில், ஒரு கட்டுப்பாடு உண்டு. டிஸ்சார்ஜ் ஆன தேதிக்குப் பிறகு ஆபரேஷன் தேதி வரக் கூடாது. வந்தால் டேபிள் ஏற்காது. அண்ணனின் தேதியைத் தள்ளியபோது டேபிள் அவன் முகத்தில் அறைந்ததுபோல மறுத்தது. டிஸ்சார்ஜ் தேதி காப்பீட்டுக் கோப்போடு பூட்டியிருந்தது, தொட முடியாது. அதனால் அவன் கட்டுப்பாட்டையே கழற்றினான். தேதியை மாற்றினான். மறுபடி கட்டுப்பாட்டை மாட்டினான்... 'பழைய வரிகளைச் சோதிக்காதே' என்ற சலுகையோடு! சோதித்தால் அண்ணனின் வரியே காட்டிக்கொடுத்துவிடுமே.

"வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தோம்," என்றாள் இன்ஸ்பெக்டர். "அவர் எல்லா வரியையும் சோதிக்கச் சொன்னார். நாப்பதாயிரம் வரியில ஒண்ணு மட்டும் தப்புன்னு வந்துச்சு. வீட்டுக்குப் போய் நாலு மாசம் கழிச்சு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒரே ஆள் உங்க அண்ணன்தான்."

ப்ரோக்ராமர் நிதானமாக மூச்சு விட்டான்.

"அந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எங்க டிபார்ட்மென்ட்ல மூணு பேருக்குத் தெரியும் மேடம். நான் லீவுல இருக்கேன். யார் பண்ணாங்கன்னு நிரூபிச்சுட்டு வாங்க."

"அதான் சார் பிரச்சினை. நிரூபிக்க முடியல." அவள் சலிப்போடு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "சரி, கிளம்புங்க. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம். பதினாலாவது ஆள் எப்படிப் பிழைச்சார்?"

அதுதான் அவனையும் குடைந்துகொண்டிருந்தது.

"ரிசப்ஷன் பொண்ணு அஞ்சு பேரைக் கூப்பிட்டாளாம். தொண்டை வறண்டுபோய் டீ குடிக்கப் போயிருக்கா. ரகசியப் பட்டியலைத் திறந்து போட்டுட்டுப் போனா சூப்பரின்டெண்ட் திட்டுவார்னு திரையை மூடிட்டுப் போயிருக்கா. வந்து திரும்ப முதல் பக்கத்தைத் திறந்தா, ஆறுலேருந்து பதினஞ்சு வரைக்கும் வந்திருக்கு. உங்க அண்ணனும் அதுல வந்துட்டார். எல்லாரையும் கூப்பிட்டுட்டு, அப்புறம் ரெண்டாம் பக்கம்."

கணக்கு அவன் மண்டைக்குள் தானாக ஓடியது.

மிச்சம் பதினைந்து பேர். அதில் பத்தைத் தாண்டினால்...

"இருபத்தாறுலேருந்து முப்பது," என்றாள் இன்ஸ்பெக்டர். "பள்ளம் அஞ்சு இடம் கீழ நகர்ந்துடுச்சு. பதினாறுலேருந்து இருபத்தஞ்சு வரைக்கும் யாருக்குமே போன் போகல. பத்துப் பேர்ல நாலு பேர் போயாச்சு. மிச்சப் பேரைக் காலையிலதான் தேட ஆரம்பிச்சிருக்கோம்."

அவன் கை தன்னையறியாமல் மார்புக்குப் போனது. உள்ளே ஏதோ ஒன்று துடித்தது. இல்லை, துடிக்க மறந்ததா?

"மேடம்... டாக்டரைக் கூப்பிடுங்க."

"எதுக்கு சார்?"

"என்னோடதை மாத்தணும். இப்பவே மாத்தணும். நான் இருபத்திரண்டு."



இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அந்தப் பட்டியல் சூப்பரின்டெண்ட் ரூமையும் ரிசப்ஷனையும் தாண்டி எங்கேயும் போகல. கடிதமே இன்னிக்குத்தான் தெரியும்னு பதறினீங்க. உங்க நம்பர் மட்டும் எப்படி சார் தெரிஞ்சுது?"

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். நெற்றியில் வியர்வை வந்தது.

ஸ்டூலிலிருந்து சரிந்து அண்ணியின் காலருகே விழுந்தான். முந்தானையைப் பிடிக்கப் போனான். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"காலேஜ்ல உன்னை ஏன் வேணாம்னு தோணுச்சுன்னு எனக்கே தெரியாம இருந்தது," என்றாள். "இன்னிக்குத் தெரிஞ்சுது."

நாற்காலியைத் திருப்பினாள். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னைச் சாக விட்டுடாதீங்க மேடம்..." அவன் இன்ஸ்பெக்டரின் பூட்ஸைப் பற்றினான். "ஒத்துக்கறேன். எல்லாத்தையும் எழுதித் தரேன். ஆபரேஷன் மட்டும்..."

அவள் வாசலைப் பார்த்துக் கை காட்டினாள். வெளியே தயாராக நின்றிருந்த டாக்டரும் இரண்டு நர்ஸ்களும் ட்ராலியோடு உள்ளே வந்தார்கள். அவனைத் தூக்கிக் கிடத்தினார்கள். ஒரு கையில் ஊசி ஏறியது. இன்னொரு கையில் விலங்கு ஏறியது.

ட்ராலி நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் கூடவே நடந்தபடி, அவன் நெற்றி வியர்வையைத் தாயைப்போலத் துடைத்துவிட்டாள்.

"பயப்படாதீங்க சார். உங்களை இன்னிக்குச் சாக விடவே மாட்டோம். அதுக்கு ஜட்ஜ் தனியா ஒரு நாள் குறிச்சுக் கொடுப்பார்!"