வடக்கு மாறிய புங்கமரம்

வாடிக்கிடந்த புங்கமரத்தின் வேரைப் பார்க்கத்தான் கிரிஜா மண்ணைத் தோண்டினாள்.

வேர் வரவில்லை.

ஒரு கை வந்தது...

விரலில் செம்பு மோதிரம். சிற்பி ஷ்ரேயஸின் மோதிரம்!

மராத்தி மண்ணில், ஹடப்சரில் நர்சரி வைத்திருந்த தமிழ்ப் பெண் கிரிஜா, வாகோலி பக்கம் அருணாச்சலம் அமைத்த சிற்பத் தோட்டத்துக்கு நாற்பது மரங்கள் சப்ளை செய்திருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து பார்ப்பாள்.

அருணாச்சலம் கோயமுத்தூர்க்காரர். ஐ.டி. கம்பெனியை விற்றுவிட்டு, ஒரே வாரத்தில் கலைஞராகிவிட்டவர். வளைந்த இரும்புக் குழாய்க்கு ‘மௌனத்தின் முழங்கை’ என்று பெயர் வைப்பார். இலை உதிராத மரம் கேட்பார். பறவை உட்காராத மரம் கேட்பார். பிளாஸ்டிக்கில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கிரிஜா ஒருமுறை சொல்லியே விட்டாள்.

அங்கே சிலைகள் செய்துவந்த ஷ்ரேயஸைப் பத்து நாளாகக் காணோம். ஜெர்மனிக்குப் போய்விட்டான் என்று சொல்லிவந்தவர் அருணாச்சலம்தான்.

கிரிஜா போலீஸுக்கு போன் செய்தாள். அரை மணியில் இன்ஸ்பெக்டர் தேஜஸ்வினி இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்து இறங்கினாள். விமான் நகர் ஹோட்டலில் கொடுத்துக்கொண்டிருந்த பேட்டியைப் பாதியில் விட்டுவிட்டு அருணாச்சலமும் ஓடி வந்தார்.

இன்ஸ்பெக்டர் மராத்தியில் விசாரித்தாள். மரத்தை நட்டது யார்? கிளையை வெட்டச் சொன்ன ஷ்ரேயஸோடு சண்டை போட்டது யார்?

இரண்டுக்கும் ஒரே பதில். கிரிஜா!

அவள் திரும்பி மரத்தைப் பார்த்தாள்.

பார்த்தவள் திடுக்கிட்டாள்.

பெரிய மரத்தைப் பெயர்க்குமுன் வடக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பது அவள் வழக்கம். புது இடத்திலும் அது வடக்கையே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் பட்டை வெடித்துவிடும்.

இப்போது பொட்டு தெற்கே பார்த்தது.

நட்ட அன்று எடுத்த போட்டோவை போனில் தேடி எடுத்து நீட்டினாள். தனக்குப் பிறகு யாரோ மரத்தைத் தூக்கி, மறுபடி நட்டிருக்கிறார்கள் என்று மராத்தியில் விளக்கினாள். தேஜஸ்வினி முகத்தில் சலனமே இல்லை. தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

அருணாச்சலம் கிரிஜா பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார்.

“பொட்டு, திக்கெல்லாம் போலீஸ்கிட்ட எடுபடாதும்மா. பேசாம ஒத்துக்க. நல்ல வக்கீலா நானே வெச்சுத் தர்றேன்.”

கிரிஜாவுக்குப் பொறி தட்டியது. சிலைகளைத் தூக்கும் க்ரேனின் சாவி இவரிடம்தான் இருக்கும். அதைத் தானே ஓட்டுவதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

பயத்தை விழுங்கிக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“கொன்னவன் ரசனை கெட்டவன் சார். மரத்தோட மொட்டைப் பக்கத்த முன்னாடி திருப்பி வெச்சிருக்கான்.”

அருணாச்சலத்தின் முகம் கறுத்தது. இன்ஸ்பெக்டரை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் போனில் மராத்தியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மொட்டையா? நீ நட்டப்பதான் மொட்டைப் பக்கம் பாதையப் பார்த்துச்சு. அடர்த்தியான பக்கத்த என்ற சிலைக்கு நேரா திருப்பினதே நாந்தான்.”

“உங்க சிலையா? அது ஷ்ரேயஸ் செஞ்சது.”

“அவனும் அதையேதான் சொன்னான். கீழ என்ற பேரப் பொறிச்சதுக்கு, திறப்பு விழாவுல மானத்த வாங்கறேன்னான்... வாங்க விட்டனா?” அருணாச்சலம் சிரித்தார். “போய்ச் சொல்லு. இந்த மராத்திக்காரம்மா உன்ற பேச்சை நம்புதான்னு பாக்கலாம்.”

ஒரு மனிதனைக் குழியில் தள்ளிவிட்டு, மேலே மரம் அழகாக நிற்கிறதா என்று பார்த்திருக்கிறான்!

தேஜஸ்வினி போனைப் பாக்கெட்டில் போட்டாள். தலையசைத்தாள். கான்ஸ்டபிள்கள் வந்து அருணாச்சலத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள்.

“எங்கப்பா கோவிந்தராஜ், கட்கி ஃபேக்டரில ஃபிட்டர்,” என்றாள் இன்ஸ்பெக்டர், சுத்தமான தமிழில். “மராத்தி எனக்கு வெளியிலதான். வீட்ல தமிழ்.”

அருணாச்சலம் கைகளை உதறிப் பார்த்தார்.

“ஆனா எழுத வராது சார். வாக்குமூலத்த நீங்களே எழுதிக் குடுத்துடுங்க... அதுக்குக் கீழயாவது உங்க பேர நியாயமாப் போட்டுக்கலாம்.”